தொட்டியின் அடியில் போட்ட துளை

1. கோடையில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வருவது தாறுமாறானது. பிறகு நின்றே போனது.
2. மொட்டை மாடித் தொட்டியில் தீயணைக்க ஒதுக்கியிருந்த தண்ணீரை வீடுகளுக்கு எடுப்பதென்று எல்லோரும் கூடி முடிவு செய்து, அதன் அடியில் துளை போட்டார்கள்.
3. ஒரு ஞாயிறு மாலை, தரைத்தளத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரி ஸ்கூட்டர் பற்றிக்கொண்டது.
4. தீயணைப்புக் குழாயை நான் திறந்தேன். கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு வெறும் காற்று வந்தது.
5. ஐந்தாவது மாடியில் என் அப்பா இருந்தார்.

அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது இடுப்பு நொறுங்கியவர். லிஃப்ட் இல்லாமல் கீழே வர முடியாது. தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது. கொடுங்கையூரில் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எங்கே பற்றினாலும் தீயை அங்கேயே நிறுத்த வேண்டும். அவரை இறக்க வழியில்லை.

மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் தீயணைப்புக் கருவிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் வேலை. அதனால் குடியிருப்பிலும் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தரைத்தளத்துக்குப் பவுடர் சிலிண்டர்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான். உள்ளே பவுடர் இறுகிவிடாமல் இருக்க அவ்வப்போது கவிழ்த்துக் குலுக்கி வைப்பேன். ஆனால் பேட்டரி எரிந்தால் பவுடர் போதாது. சுடரை அது அணைக்கும், உள்ளே இருக்கும் சூடு அப்படியே நிற்கும், மறுபடி பற்றும். நிறையத் தண்ணீர் விட்டுக் குளிரவைக்க வேண்டும். அதற்குத்தான் மாடித் தொட்டி. வீடுகளுக்குப் போகும் குழாய் தொட்டியின் பாதி உயரத்தில் தொடங்கும். அதற்குக் கீழே நிற்பது தீக்கு மட்டும்.

துளை போடும் பேச்சு வந்த அன்று எல்லோரும் மொட்டை மாடியில் கூடினோம். நான் இதையெல்லாம் விளக்கினேன்.

"இன்னா மேடம், கம்பெனில வெக்கிற மாதிரி இங்கியும் சீல் வெக்கப் போறியா?" என்றார் சங்கச் செயலாளர். சிலர் சிரித்தார்கள்.

மூன்றாவது மாடி அக்கா சிரிக்கவில்லை. குப்பைக் கிடங்கில் துப்புரவு வேலை செய்பவர்.

"வூடு எரிஞ்சாதான் கண்ணு அந்தத் தண்ணி. எனுக்கு இப்பவே ஒடம்பு எரியுது. நாள் பூரா குப்பைல நின்னுகினு வரேன். குளிக்காம புள்ளைய எப்டித் தூக்குவேன்?"

லாரிக்கு இன்னொரு முறை போன் செய்யலாம் என்றேன். "போன் பண்ணி பண்ணி வெரலு தேஞ்சிடுச்சி" என்றார் செயலாளர். மறுநாளே பிளம்பர் வந்து தொட்டியின் அடியில் துளை போட்டு வீட்டுக் குழாயோடு இணைத்தார்.

அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு கேக்கறதும் ஞாயம்தான். நான் எறங்க முடியாம கெடக்கறதும் நெஜம்தான். நீ இன்னா பண்ணுவ, வுடு" என்றார்.

தீப்பிடித்தபோது இரண்டு சிலிண்டர்களை அடித்தேன். வண்டி அணைந்தது, பற்றியது, மறுபடி அணைந்தது, மறுபடி பற்றியது. பக்கத்து வண்டிக்கும் தாவியது. சுவரில் சுருட்டி வைத்திருந்த தீயணைப்புக் குழாயை இழுத்துத் திறந்தேன். தண்ணீர் வந்ததும் புகை வெளுத்தது. பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் குழாய் இருமத் தொடங்கியது.

கட்டடத்தில் தண்ணீர் இல்லாமலில்லை. வீட்டுக்கு வீடு டிரம்மில், குடத்தில், வாளியில் பிடித்து வைத்திருந்தார்கள். சிலர் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் பார்த்தார்கள். படிக்கட்டில் கரும்புகை ஏறிக்கொண்டிருந்ததால் முதல் மாடியைத் தாண்ட முடியவில்லை. நான் மேலே ஓட முயன்றபோது யாரோ என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

மேலே போனது மூன்றாவது மாடி அக்கா. தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையில் வாளியோடு இரண்டு மாடி ஏறியிருக்கிறார். எங்கள் வீட்டுப் போர்வைகளை நனைத்துக் கதவிடுக்கில் திணித்துவிட்டு, அப்பாவை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். தீயணைப்பு வண்டி வந்து அடக்கியபின் நான் உள்ளே போனேன். மூவரின் மூக்கைச் சுற்றியும் கரி. குழந்தை தூங்கிப்போயிருந்தது.

"ஒங்கப்பா பேசவே இல்ல கண்ணு. கைய மட்டும் வுடல" என்றார்.

போர்வைகளைத் திணிக்கும் முன்பே அறைக்குள் வந்துவிட்ட புகை அப்பாவின் நுரையீரலைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. சிலிண்டர் எங்கே வைப்பது, குழாய் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். குளித்தே ஆக வேண்டியவளிடம் குளிக்காதே என்று எப்படிச் சொல்வதென்று எனக்கு எந்தப் படிப்பிலும் சொல்லித் தரவில்லை.

ஸ்கூட்டர்களைச் சார்ஜ் செய்யும் இடத்தை வெளிச்சுவர் ஓரம் மாற்றிவிட்டோம். துளையை அடைத்தாகிவிட்டது. அடைக்கும்போது அக்காவும் கூட நின்றார். இப்போது வேலை முடிந்ததும் வியாசர்பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறார். அப்பாவால் ஆக்சிஜன் இல்லாமல் படுக்க முடியாது. தரைத்தளத்தில் வீடு தேடுகிறோம், கிடைக்கவில்லை. துளையை அடைத்தபின் ஒரே ஒரு முறை வந்த லாரி இந்த வாரமும் வரவில்லை. தொட்டியில் பாதிவரை தண்ணீர் இருக்கிறது. வீட்டுக் குழாய்களில் இல்லை.