கேட்டில் நின்ற துரத்தல்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அத்தானின் காருக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் அது தோன்றியது. வெளியே தூறல். முதல் நாள் கும்பகோணத்தில் பார்த்த கொள்ளைப் படத்தின் பாட்டு என் போனில் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் அதே தாளத்துக்கு அசைந்தது. நாமே ஒரு படம் எடுத்தால் என்ன?

"அத்தான், ஒரு நாளைக்கு இந்தக் கார் வேணும்."

"எதுக்கு?"

"கொள்ளையடிக்க."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம பக்கம் திருடுறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு மாப்ள. தண்ணி."

அத்தான், அக்காவின் கணவர், வலங்கைமான் பக்கம் வாய்க்காலின் கடைசியில் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். வாய்க்காலின் மேல்பக்கத்தில் இருக்கும் மேலூர்க்காரர்கள் மதகை மூடிவிட்டால் இவருடைய நாற்று காயும். அந்த வருடம் தகராறு போலீஸ் வரை போய், பிறகு இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசி, யாருக்கு என்றைக்குத் தண்ணீர் என்று முறை வைத்திருந்தார்கள். முறையை மீறினால் அந்தப் போகம் முழுக்கத் தண்ணீர் கிடையாது. மதகின் ஷட்டரைத் திருகித் திறக்கும் இரும்புக் கைப்பிடி மேலூரில் ஒருவர் வீட்டில் இருந்தது.

என் கதை அங்கேயே முடிவாகிவிட்டது. பெட்டகம் வேண்டாம்; நாயகன் அந்தக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போதும்.

பிவிசி குழாயைச் சூடுகாட்டி அந்தக் கைப்பிடி மாதிரி வளைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். ஞாயிறு காலை என் நண்பன் மதகிலிருந்து அதை மார்போடு அணைத்தபடி ஓடிவந்து காரில் பாய்ந்தான். பின் சீட்டில் நான், போன் கேமராவோடு. அத்தான் வண்டியைக் கிளப்பினார். பாட்டு முழுச் சத்தத்தில்.

எங்கள் சாலைகள் வாய்க்கால் வளைகிற இடத்திலெல்லாம் வளைபவை. மூன்றாவது கியருக்கு மேல் போனால் வயலில்தான் நிற்க வேண்டும். அப்படியும் ஜோராகத்தான் இருந்தது. பின்னால் இரண்டு பைக்குகள் வந்தன.

"பரவால்லயே மாப்ள. துரத்த ஆளெல்லாம் செட் பண்ணிட்ட."

"நான் யாரையும் சொல்லல அத்தான்."

அவர் கண்ணாடியில் பார்த்தார். "பாட்ட நிறுத்து."

"வண்டிய நிறுத்திடலாமா?" என்றான் நண்பன்.

"இங்க வேணாம். நாலு பேர் இருக்கற எடத்துல நிறுத்திப் பேசலாம்."

நாலு பேர் இருக்கிற இடம் என்றால் கேட்தான். மூடியிருந்தது. பைக்குகளும் வந்து ஜன்னலோரம் நின்றன. கேட் மூடியிருக்கையில் யாரும் எங்கும் போய்விட முடியாது என்பதால் ஒருவருக்கும் அவசரமில்லை.

மேலூர் மீசைக்காரர் ஒருவர் குனிந்தார். "கைப்பிடிய குடுங்க."

"அண்ணே, இது சினிமாவுக்கு. நாளைக்கு எங்க முறை. நான் ஏன் திருடப்போறேன்?" என்றார் அத்தான்.

"அதான் நாங்களும் கேக்கறோம்."

நண்பன் நீட்டினான். இரும்பு என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கியவருக்குக் கை மேலே போய்விட்டது. பெட்ரோல் டேங்கில் தட்டிப் பார்த்தார். டொக். பைக்கில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "இத வச்சுத் திருகினா மதகு தொறக்காதுடா, இதுதான் முறுக்கிக்கும். திருடன் மூஞ்சில பவுடரு வேற."

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "முறைய நிறுத்திடாதீங்கண்ணே."

ரயில் கடந்துபோகும்வரை மீசைக்காரர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இத ஊர்ல காட்டணும், இல்லேன்னா நம்ப மாட்டாங்க" என்றார். "எங்க கைப்பிடி வீட்லதான் இருக்கான்னு பாக்காமலே கெளம்பிட்டோம். இருந்தா நாளைக்குத் தொறந்துடறேன்."

இருந்தது. மறுநாள் அவரே வந்து திருகினார். தண்ணீர் வைக்கோலையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, வெடித்த மண்ணில் நின்று நின்று நகர்ந்தது. அதே பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, தண்ணீரின் முனையைப் படம்பிடித்தபடி கரையோடு நடந்தேன். கடைசியில் அத்தான் மண்வெட்டியோடு நின்றிருந்தார். தண்ணீர் காலைத் தொட்டபிறகுதான் வரப்பை வெட்டினார்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். கார் ஓடிய காட்சி முழுக்க என் முழங்காலும் கூரையும்தான். தண்ணீர்க் காட்சி மட்டும் ஆடாமல் தெளிவாக இருந்தது.

அடுத்த முறைக்குக் காரைக் கரைச் சாலையில் இறக்கி, தண்ணீரின் முனையைத் துரத்திப் பார்க்கப்போகிறேன், முதல் கியரில், ஒரு முழுப் பாட்டுக்கும். அத்தான் சரி என்றுவிட்டார். மீசைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லப் போனேன். பின்னால் பைக்கில் அவரும் வருவாராம்.