ஆளுயர வாய்

என் மனைவியின் தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நான் "வீடியோ எடுக்கிறா" என்பேன். என் மனைவி "ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்த என் மாமனார் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்வார்: "டிவியை வரிசையா அடுக்கி வைப்பா. ஜனங்க வந்து நின்னு பார்ப்பாங்க."

அவள் படித்தது ஓவியம். படித்து முடித்ததும் பிழைப்புக்குக் கல்யாண வீடியோ கடையில் எடிட்டிங் வேலைக்குப் போனாள். கேமரா ஓடுவது தெரியாமல் ஜனங்கள் செய்வதையெல்லாம் அங்கே வெட்டி எறிவார்கள். எங்கள் கல்யாண வீடியோவும் அவள் கையில்தான் வந்தது. வெட்டிய துண்டுகளை அவள் எறியவில்லை. காலியாகக் கிடந்த ஒரு செருப்புக் கடையை ஒரு வாரத்துக்குப் பிடித்து, பழைய டிவிகளில் அவற்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். ஒன்றில் நான் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தேன். இன்னொன்றில் என் மனைவி சிரித்து, சிரிப்பை நிறுத்தி, மறுபடி சிரித்தாள். எங்களிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர், டிவி ரிப்பேர் செய்யும் இடம் என்று நினைத்துத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

ஆனாலும் அதைப் பார்த்த யாரோ அவளை அடுத்த கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து இன்னொன்று. மூடிப்போன சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு அவற்றின் மேல் படம் காட்டினாள். வெளிநாட்டுக்கும் இரண்டு மூன்று தடவை போய்வந்தாள். சாமான்களை ஏற்றி இறக்குவது மட்டும் எப்போதும் என் வேன்தான்.

அந்தச் சமயத்தில் மாமனாரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்பாள். சீப்பைக் காட்டினால் "பிரேக்" என்பார். பூனையைக் காட்டினாலும் "பிரேக்"தான். முதல் நாள் எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அடுத்த வாரமும் அதே வார்த்தை வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மச்சினி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து அப்பாவோடு தங்கிவிட்டாள். கட்டில் பக்கத்தில் கேமராவை நிறுத்தி, மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் இருப்பதை மட்டும் எடுத்தாள். ஒரு நாள் "கதவு" என்று சொல்லப் பார்த்தார். உதடு வளைந்தது, நாக்கு எழும்பியது, சத்தம் வரவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை அறையைவிட்டு வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அதைக்கூடவா படம் எடுப்பே? அவர்கிட்ட கேட்டியா நீ?"

"கேட்டேன்க்கா. தலையாட்டினார்."

"இப்ப அவர் எதுக்குத்தான் தலையாட்டல? சோறு வேணும்னாலும் ஆட்டறார், வேணாம்னாலும் ஆட்டறார். எங்க கல்யாண வீடியோவுக்கும் எங்ககிட்ட இப்படித்தான் கேட்டியா?"

மச்சினி உள்ளே திரும்பிப் போய்க் கேமராவை அணைத்தாள்.

அவள் எடுத்திருந்ததைப் பார்த்த ஒரு பெரிய அருங்காட்சியகம், அதற்கென்று தனிக்கூடமே தருவதாகச் சொன்னது. அவளுக்கு அதுவரை அப்படியொரு இடம் கிடைத்ததில்லை. "எங்கப்பா அவர் வாயால சரின்னு சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாள். கூடம் வேறொருவருக்குப் போயிற்று.

மாமனாருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. "வேணும்" வருவதற்கு முன்னால் "வேணாம்" வந்தது. அவர் அதை அர்த்தத்தோடுதான் சொல்கிறார் என்று உறுதியானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டினோம். அவருடைய உதடுகள் ஜன்னல் அகலத்துக்கு அசைந்தன. அவர் கண் எடுக்காமல் பார்த்தார். அழுகை வந்த இடத்தில் இடது கையைத் தூக்கினார்.

"அது... வேணாம்."

"அப்பா, படத்தோட உயிரே அந்த இடம்தான்."

"வேணாம்."

"சரிப்பா. மிச்சம்?"

வார்த்தையைத் தேடி வெகுநேரம் தடுமாறினார். "மிச்சம்... பெருசா."

"இதைவிடவா?"

"பெருசா!"

பெரிதாகத்தான் செய்தாள். ஒரு பழைய கிடங்கில் மூன்று சுவர்களிலும் ஆள் உயரத்துக்கு அவர் வாய். உட்காரும் ஸ்டூல்களுக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்திருந்தாள், "ப" என்று அவர் திணறும்போது நம் இடுப்பு அதிர்ந்தது. வந்தவர்கள் தங்களை அறியாமல் அவரோடு சேர்ந்து உதட்டை அசைத்தார்கள். மாமனார் சக்கர நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து, படத்தை விட்டுவிட்டு ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து "பிரேக்!" என்று குரல் வந்ததும் ஒரு அம்மாள் வலது காலைத் தரையில் ஓங்கி அழுத்தினாள். அவரிடம் வண்டி ஓட்டக் கற்றவள்! அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள்.

பத்திரிகையில் எழுதியவர் மட்டும், நேர்த்தியான வேலைதான், ஆனால் நடுவில் ஏதோ குறைகிறது என்று எழுதினார். என் மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரியாத்தான் எழுதியிருக்கார்க்கா" என்றாள் தங்கை.

அவள் தனியாக இருந்தபோது கேட்டேன். "அந்தத் துண்டை எங்கேயாவது வச்சிருக்கியா?"

"அழிச்சிட்டேன் அத்தான்."

"வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா?" ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். பிறகு, "வியாழக்கிழமை வேன் சும்மாத்தானே இருக்கு? அடுத்த வேலைக்குக் காயலான் கடையில லிஃப்ட் கதவு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். நல்ல கனம். கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.