இடுக்கில் அடைத்த மரத்தூள்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. போன ஜூலையில், ஆவடியில், என் வீட்டு பால்கனியில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில். அந்தப் பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அரை மில்லி பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன். லீவு நாளில் தச்சு வேலை பழகுகிறேன். ஐந்து மாதமாக ஒரே பாடம், டவ்டெயில் ஜாயிண்ட். ஒரு பலகையின் ஓரத்தில் புறா வால் மாதிரி விரிந்த பல். அடுத்த பலகையில் அது போய் உட்காரும் பள்ளம். ஆணி கிடையாது. மெஷின் கிடையாது. ரம்பமும் உளியும்தான்.

என் மகள் நிஷாவின் குழந்தை பவ்யாவுக்கு ஆகஸ்டில் ஆறு வயது முடிகிறது. பொம்மை போட்டு வைக்கப் பெரிய பெட்டி செய்து தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். குழந்தையே உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிசு. எங்கேயும் இடுக்கு தெரியக் கூடாது. அதற்கு முன்னால் பழகிப் பார்க்க ஒரு சின்னப் பெட்டி.

"அஞ்சு மாசமா ராவிக்கினே கீறீங்க. ஒரு சோப்பு டப்பாவாச்சும் வந்துச்சா?" என் மனைவி ராதிகா இப்படித்தான் கேட்பாள்.

கரையான்சாவடியில் பக்தவத்சலத்தின் பழைய மரக் கடையில் பலகை வாங்கினேன். நல்ல தேக்கு. ஒரு பலகையில் மட்டும் ஒரு பக்கம் நாலு கீறல். அந்தப் பக்கத்தை உள்ளே வருகிற மாதிரி திருப்பிக்கொண்டேன். மர வேலை செய்கிற எல்லோரும் செய்வதுதான்.

ஆறு பக்கமும் ஒட்டி மூடிவிட்டு, அப்புறம் மேலே அறுத்து மூடியைப் பிரிப்பது என் வழக்கம். ஒட்டி முடித்தபோது மூன்று மூலை கச்சிதம். நாலாவதில், அந்தக் கீறல் பலகை சேருகிற இடத்தில், நகக்கனத்துக்கு இடுக்கு. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். சனிக்கிழமை, சாயங்காலம் 4:10.

ஞாயிறு காலை அந்த அடைப்பு பால்கனி மேசை மேல் கிடந்தது. உடையாமல், முழுசாக. சுருங்கி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மத்தியானம் 3:50க்குக் கத்தி முனையால் அழுத்தி, திரும்ப அடைத்தேன்.

4:10.

டொக்.

மரம் காயும்போது சத்தம் வரும். எனக்குத் தெரியும்.

டொக்... டொக்.

அப்புறம் நகத்தால் பிராண்டுகிற சத்தம். பெட்டிக்குள்ளே.

அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. விழுந்தது. சத்தம் நின்றுவிட்டது.

இடுக்குக்கு முன்னால் மேசையில் கொஞ்சம் மரத்தூள். ஃபேன் இல்லை. காற்று இல்லை. தூள் இடுக்கைப் பார்த்து நகர்ந்தது. நின்றது. திரும்பி வெளியே வந்தது.

உள்ளே... வெளியே... உள்ளே...

மூச்சு.

4:22க்கு பக்தவத்சலத்துக்கு போன் போட்டேன்.

"அந்தக் கீறல் விழுந்த பலகை எங்க எடுத்தீங்க?"

"இன்னா சார், பூச்சி கீதா?"

"எங்க எடுத்தீங்க?"

அப்புறம் சொன்னார்.

"திருநின்றவூர் பக்கம் ஒரு பழைய ஊடு. நெல்லு கொட்டுற பொட்டிய பிரிச்ச பலகை சார். பொட்டி ஆளு ஒசரம் இருக்கும்."

"அதுல என்ன ஆச்சு?"

"ரொம்ப வர்சம் முன்னாடி. அங்கம்மான்னு ஆறு வயசுப் பொண்ணு. ஒளிஞ்சி ஆடும்போது உள்ள எறங்கிகீது. மூடி உழுந்து கொக்கி மாட்டிகிச்சி."

"கத்தலையா?"

"கத்துனா கண்டுபுடிச்சிடுவாங்கள்ல? கம்முனு இருந்திருக்கு. மூலைல ஒரு இடுக்கு. அதுல மூச்சு வுட்டுகினு..."

நான் மேசையில் இருந்த பெட்டியின் இடுக்கைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"நெல்லு ஒழுகுதுன்னு அன்னிக்கி ஆசாரிய வரச் சொல்லிகீறாங்க. வந்தாரு. வெளியவே நின்னு மரத்தூளு வெச்சி அடைச்சிட்டுப் போயிட்டாரு. நாலு மணி வாக்குல."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ வாங்குவியா சார்?"

போனை வைத்ததும் ரம்பத்தை எடுத்தேன். கோணல்மாணலாக அறுத்து மூடியைப் பிரித்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. பலகை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

பவ்யாவுக்கு பிளாஸ்டிக் பெட்டிதான் வாங்கினேன். மூடியில் நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று நிஷா கேட்டாள். சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து போனில் பழைய போட்டோக்களைப் பார்த்தேன். ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பலகையை எடுத்த படம். கீறல் நாலு.

பால்கனிக்குப் போய் பெட்டிக்குள் எண்ணினேன்.

ஒன்பது.

புதுசு ஐந்தும் அந்த இடுக்கைச் சுற்றி... குழந்தை விரல் அகலத்தில்.