பால்கனியில் ஒரு குட்டித் தேசம்

போன மாதம் எங்கள் அபார்ட்மென்டில் ஒரு கொடிப் பிரச்சினை. ஆரம்பித்து வைத்தது என் கைதான் — சீட்டு எடுத்தது நான்.

ஓசூரில் எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. உலக நாடுகளெல்லாம் கூடும் பெரிய விளையாட்டுப் போட்டி வந்தால், நாடுகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு சில்வர் தூக்கில் போட்டுக் குலுக்குவார்கள். வீட்டுக்கு ஒரு நாடு. இந்தியா எல்லோருக்கும் பொது, அதனால் தூக்கில் கிடையாது. கிடைத்த நாட்டின் கொடியை வரைந்து பால்கனியில் கட்ட வேண்டும். பதக்கம் வந்தால் அந்த வீட்டில் எல்லோருக்கும் கேசரி. கடைசி ஆளும் தோற்றுவிட்டால் கொடியை இறக்கிவிட வேண்டும். வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். சேர்ந்து கத்துவதற்கு ஏதாவது ஒன்று வேண்டாமா?

எனக்கு வந்தது கடல் நடுவே ஒரு தீவு. மொத்த அணியும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடும். நீந்த ஒருவர், பளு தூக்க ஒருவர், ஓட ஒரு பெண். அவ்வளவுதான் தேசம்.

"மேடம் வீட்டுக்கு ரவை செலவே இல்ல!" என்றார் அசோசியேஷன் செயலாளர் சேகர். காவேரிப்பட்டினத்துக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது.

ஓட ஒரு பெண்...

கொஞ்ச நாள் இந்தப் பத்தி வராமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "உடம்பு சரியில்லையா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரியில்லாமல் போனது எனக்கு இல்லை. என் மகள் ஆஃப்ரினுக்கு.

ப்ளஸ் ஒன் படிக்கிறாள். நானூறு மீட்டர் ஓடுவாள். ஓடினாள் என்று எழுத வேண்டும். கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டி. கடைசி வளைவில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் திடீரென்று விழுந்தாள். கால் இடறிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் இடறி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். அவள் ஊன்றவில்லை.

இப்போதும் சமையலறையில் ஒரு தட்டு விழுந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

பெங்களூரு டாக்டர் படம் வரைந்து காட்டினார். இதயத்தின் தசை தடித்திருக்கிறதாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு படிக்கலாம், நடக்கலாம். ஓடக் கூடாது. "எப்ப வரைக்கும் சார்?" என்று அவள் அத்தா — என் கணவர் — கேட்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

ஆஃப்ரின் அழவில்லை. வீட்டுக்கு வந்து, ஸ்பைக்ஸ் ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். மறுநாள் அதைப் பள்ளியில் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஓட்டம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால் பதில் சொல்வாள், போட்டால் சாப்பிடுவாள். பிள்ளைகள் கண்கலங்கக் கூடாது என்றுதானே அம்மாக்கள் துஆ கேட்பார்கள்? இவள் ஒரு முறையாவது அழுதுவிட வேண்டுமே என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் சீட்டை மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் கீழ் வீட்டு வாண்டுகள் அவளிடம் சொல்லிவிட்டன. அவளோ பழைய தலையணை உறையைப் பிரித்து, பெயின்ட் அடித்து, கட்டிவிட்டாள். மேலே மஞ்சள், கீழே சிவப்பு, நடுவில் சின்னதாய் ஒரு வெள்ளைப் பறவை.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. கீழேயிருந்து பார்த்தால் பறவை தெரியாது. மஞ்சளும் சிவப்பும் மட்டும் தெரியும். அது கன்னடக் கொடியின் நிறம் என்று ஓசூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

முதலில் வந்தது எதிர் பிளாக் மஞ்சுளா அக்கா. கையில் சுடச்சுட ஒப்பட்டு — நம் போளிதான். "நம்ம கொடி கட்டிருக்கீங்கல்ல, ரொம்ப குஷி ஆச்சு கண்ரீ!" நான் விஷயத்தைச் சொல்வதற்குள் பாதி ஒப்பட்டு உள்ளே போயிருந்தது. "அய்யோ தேவரே, அது தீவா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "பரவால்ல, நீங்க சாப்பிடுங்க. அந்தப் பொண்ணு நல்லா ஓடட்டும்."

பின்னாலேயே சேகர். அவர் சிரிக்கவில்லை.

"மேடம், நாம பார்டர்ல இருக்கோம். பறவை உங்களுக்குத் தெரியுது. ரோட்டுல போறவனுக்குத் தெரியுமா? எவனாச்சும் போட்டோ புடிச்சு குரூப்புல போட்டுட்டான்னா, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வந்து நம்ம கேட்டுல நிப்பாங்க."

"அந்தப் பொண்ணு ஓடி முடிச்சதும் இறக்கிடறோம் சார்."

"எப்படியும் மொத ரவுண்டுதானே? சரி, அதுவரைக்கும் இருக்கட்டும்."

நீந்துகிறவர் தோற்றார். பளு தூக்குகிறவரும் தோற்றார். மிச்சம் அந்தப் பெண்.

அவள் ஓட்டம் ஒரு மத்தியானம். நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆஃப்ரினின் அத்தா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். டிவியை நான் போடவில்லை. ஆஃப்ரினே வந்து போட்டாள், சத்தத்தைக் குறைத்து வைத்து.

ஓரத்து லேனில் எங்கள் தீவுப் பெண். கேமரா பக்கத்தில் வந்ததும் கையாட்டினாள். அவளுக்கும் எங்கோ ஒரு அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள் அல்லவா? எல்லோரும் குனிந்தார்கள். இடுப்பை உயர்த்தினார்கள். துப்பாக்கி வெடிப்பதற்குள் ஒருத்தி பாய்ந்துவிட்டாள்.

எங்கள் பெண்தான்.

மறுபடி ஓட விடுவார்கள் என்று நினைத்தேன். சிவப்பு அட்டையைக் காட்டினார்கள். ஒரு முறை முந்தினாலே வெளியேதானாம். அவள் அதிகாரியிடம் ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் ஓடினார்கள். கேமராவும் அவர்களோடு ஓடிவிட்டது.

"அவசரப்பட்டுட்டாளே..." என்றேன்.

"அவ அவசரப்படலம்மா." ஆஃப்ரினின் கண் டிவியை விட்டு நகரவில்லை. "செட்னு சொன்னதும் உள்ளுக்குள்ள எல்லாம் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும். நாம போறதில்லம்மா. உடம்பு போயிடும். அது நம்ம பேச்சைக் கேக்காது..."

குரல் அங்கேயே உடைந்தது. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அவ்ளோ தூரம் வந்துட்டு ஓடவே இல்லையேம்மா. ஓட விடவே இல்லையே..." என்று அழுதாள்.

யாரைச் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

அவள் தேம்பத் தேம்ப எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நெஞ்சு தாங்குமா? முதுகில் கையை வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு, "போதும்டா, போதும்டா" என்றேன். அழ வேண்டும் என்று அத்தனை நாள் கேட்டவளும் நான்தான். அம்மாக்களுக்கு எதைக் கேட்பது என்றே தெரிவதில்லை.

சாயங்காலம் சேகர் வந்தார். வீங்கிய கண்களோடு கதவைத் திறந்தது ஆஃப்ரின்.

"கொடியை இறக்கிடலாமா பாப்பா? உங்க ஆளுதான் தோத்துடுச்சே."

"தோக்கல அங்கிள். ஓடினாத்தானே தோக்கறதுக்கு?"

சேகர் என்னைப் பார்த்தார். அவள் விழுந்த அன்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு எங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் அவர்.  பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அப்ப அந்தப் பறவையைக் கொஞ்சம் பெருசா வரைஞ்சு விடு பாப்பா. ரோட்டுலேருந்து தெரியணும்."

போட்டிகள் முடிந்துவிட்டன. மற்ற பால்கனிகளில் கம்பெனி யூனிபார்ம் காய்கிறது. எங்கள் பால்கனியில் மட்டும் கொடி. பறவையைக் கொடியின் பாதி அளவுக்கு வரைந்திருக்கிறாள். கால் வேறு கனமாக வந்துவிட்டது. "என்னடா இது, வாத்து மாதிரி இருக்கு?" என்றேன்.

"இருக்கட்டும்மா. நடந்து போய்க்கும்" என்றாள்.