ஊருக்கு ஒரு புள்ளி

வெற்றிச்செல்விக்கு வரைபடம் என்றால் உயிர். ஆறு மாதம் பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய் ஜிஐஎஸ் படித்தவள். நிலம், தண்ணீர், ரோடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, எங்கே எது வரலாம் என்று முடிவு சொல்கிற படிப்பு.

அரியலூரில் ஒரு தனியார் ஆபீசில் வேலை கிடைத்தது. முதல் பெரிய வேலையே புதுச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். வெடி வைக்கும் இடத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு உண்டா என்று சொல்ல வேண்டும். ஊர்களெல்லாம் ஒரு ஃபைலில் தயாராக இருந்தன, ஊருக்கு ஒரு புள்ளி. வட்டம் போட்டாள். உள்ளே எந்தப் புள்ளியும் விழவில்லை. 'குடியிருப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மானேஜர் ராஜதுரை மெச்சிக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து சுரங்கத்தின் எல்லைக்கல்லைச் சரிபார்க்கப் போனபோதுதான் பார்த்தாள். வெடி வைக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நாற்பத்து மூன்று காலனி வீடுகள். ஊரின் புள்ளி கோயிலடியில் இருந்தது. காலனி ஊருக்கு வெளியே இருந்தது. எந்த ஊரில்தான் அது உள்ளே இருக்கிறது? மேலிருந்து எடுத்த படத்தைத் திறந்திருந்தால் கூரைகளாவது தெரிந்திருக்கும். காலனியில் பிறந்து வளர்ந்தவளுக்கே அது தோன்றவில்லையே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தானும் காலனிப் பெண்தான் என்று அவள் சொன்னதும், முதல் வீட்டு அம்மாக்கண்ணு உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினாள். விரிசலில் விரல் நுழைந்தது.

"சோதனைக்குன்னு ஒரே ஒரு வெடிதான் வச்சாங்க. திங்கக்கிழமையிலேருந்து தெனமும் வெடியாமே. புள்ளகுட்டிய வச்சுக்கிட்டு எங்க போறது?"

ராஜதுரைக்குப் போன் போட்டாள். "அனுமதி வந்தாச்சும்மா. இப்ப போயி கிளறாத" என்று வைத்துவிட்டார்.

வீடு வீடாகக் குறித்துப் புது வரைபடம் போட்டாள். வெள்ளிக்கிழமை அம்மாக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு அனுமதி கொடுத்த ஆபீசுக்குப் போனாள். அதிகாரி புதுத்தாளை ஓரமாக வைத்துவிட்டு, முத்திரை குத்திய பழையதை விரித்தார்.

"நாங்க பாத்தது இதத்தாம்மா. இதுல ஒரு வூடும் இல்லையே. இது தப்புன்னு போட்டவங்களே எழுதிக் கொடுத்தாலும் விசாரிக்க ரெண்டு மாசம் ஆகும். இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு தெரியுமா?"

"நான்தான் சார்."

அம்மாக்கண்ணு மெல்லத் திரும்பினாள்.

"நீயும் காலனிப் புள்ளைன்னுதானே சொன்ன?"