முகத்துவாரம் வெட்டிய சனிக்கிழமை

என் மனுசன் ஏர்னஸ்டுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கட்டாரில் பதினொரு வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டுப் போன வருஷம்தான் மட்டக்களப்புக்குத் திரும்பினார். வாவியில் வெள்ளைக்காரரைக் கூட்டிப்போகப் போகிறேன் என்று, இரண்டு பேர் இருந்து துடுப்புப் போடுகிற கயாக் நான்கு வாங்கினார். ஒரு குருவியும் வரவில்லை. எங்கள் கோழிதான் அதில் ஏறி முட்டையிட்டது.

கட்டாருக்குத் திரும்ப வருவதென்றால் திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி ஏஜென்சிக்காரர் நெருக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஹோட்டல் மனேஜர் றிஸான், சனிக்கிழமை நான்கு விருந்தாளிகளோடு தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பிடித்தால் கிழமைக்குக் கிழமை ஆள் வரும். இல்லாவிட்டால் மனுசன் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்தக் கிழமை பார்த்து மழை. வாவி நிரம்பி எங்கள் வளவுக்குள் வந்துவிட்டது. வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். புதன்கிழமை ஊர்ச்சனம் மனுவோடு அரசாங்கக் கந்தோருக்குப் போனது. முதல் கையெழுத்து இவருடையது. "இண்டைக்கே வெட்டுங்க!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தார். பார்ப்போம் என்றார்களாம். கந்தோரில் பார்ப்போம் என்றால் ஒரு மாதம் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

சனிக்கிழமை சாப்பாட்டுச் சட்டிகளோடு நானும் ஏறினேன். கண்டல் மரங்களுக்கு நடுவே ஒரு திட்டில் இறங்கி, இடியப்பமும் நண்டுக்கறியும் ஆறுதலாகச் சாப்பிட்டோம். மனேஜர் விரலையும் நக்கினார். கைகழுவ வந்து பார்த்தால் தண்ணீரைக் காணோம்! கயாக் நான்கும் சேற்றில் கிடந்தன. வாவி நாற்பது அடி தள்ளிப் போயிருந்தது.

"காலையில முகத்துவாரம் வெட்டிட்டாங்க!" தூரத்தில் தோணியில் போன ஒருவர் கத்தினார்.

ஏர்னஸ்ட் போட்டிருந்த சேட்டைக் கழற்றினார். விருந்தாளிகளைக் கயாக்கில் இருத்தி, ஒவ்வொன்றாகச் சேற்றின்மேல் இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார். அவர்களுக்கு ஒரே சிரிப்பு. மனேஜர் மட்டும் ரோசத்தில் தானே நடந்து, வெள்ளைக் காற்சட்டையோடு தொடைவரை புதைந்தார்.

"எந்த அறிவுகெட்டவன் இண்டைக்கு வெட்டச் சொன்னவன்?" என்று கத்தினார்.

என் மனுசன் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். ஐயோ, இப்பவாவது வாயைத் திறக்காதே என்று நான் கண்ணைக் காட்டினேன்.

"நான்தான் தம்பி. மனுவில முதல் கையெழுத்து என்ட."

மனேஜரின் முகம் போன போக்கைப் பார்த்து, சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் என் மனுசனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவினார். பிறகு மெதுவாக, "ஆறாவது கையெழுத்து என்ட அங்கிள்" என்றார். "எங்கட ஹோட்டல் குசினிக்குள்ளயும் முழங்கால் தண்ணி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனேஜரும் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அடுத்த சனி எட்டுப் பேர் வாறாங்க. ரெண்டு தரமாக் கூட்டிப் போங்க. மறுகா மனு கினு எழுதினா எனக்கும் சொல்லுங்க."

கரைக்கு வந்ததும் என் மனுசன் ஏஜென்சிக்காரருக்குப் போன் எடுத்து, "நீயே சொல்லு மேபல்" என்று என் கையில் தந்தார். பதினொரு வருஷமாகப் போனில் "எப்ப வாறீங்க" என்று கேட்டுக் கேட்டே அழுதவள் நான்.

"அவர் வரமாட்டார்" என்றேன்.