கிஃப்ட் பாக்ஸோடு சென்னைக்கு

போன வாரம் மகளை பெங்களூர் வேலைக்கு ரயிலேற்ற விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயில் வருவதற்குள் அவள் பையை மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டேன். "என்னம்மா தேடுற?" என்றாள். சீப்பு என்று மழுப்பினேன். நான் தேடியது பட்டாசு. சிரிக்காதீர்கள்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் எங்கள் தாயில்பட்டியில் காலேஜ் முடித்தவர்களுக்கு இரண்டே வழி. சென்னை, திருப்பூர் என்று ரயிலேற வேண்டும். இல்லாவிட்டால் காலையில் வரும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டும். அம்மா இருபது வருஷமாக அந்த வேனில் போனவள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் பிசைந்து தரும் சோற்றில் வெடிமருந்து வாடை அடிக்கும். "நீ மட்டும் இந்த வேன்ல கால வச்ச, நான் மனுசியா இருக்க மாட்டேன் பாத்துக்க" என்பாள். பி.எஸ்ஸி. முடித்து ஒன்றரை வருஷம், எழுதிப் போட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில் ஒரு சென்னைக் கம்பெனி எனக்கும் கூடப் படித்த செல்விக்கும் இன்டர்வியூ கடிதம் அனுப்பியது. தங்குவதற்குச் செல்வியின் சித்தி வீடு.

"அடுத்தவுக வீட்டுக்கு வெறுங்கையோடவா போவாக?" என்று அம்மா, தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த பட்டாசு கிஃப்ட் பாக்ஸை என் சுடிதார்களுக்கு நடுவே வைத்தாள். எங்கள் பக்கத்து ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் பட்டாசு எங்கே என்றுதான் கேட்பார்கள். அரிசி பருப்பு மாதிரி அது எங்களுக்கு ஒரு சாமான். ரயிலில் கொண்டுபோகக் கூடாதே என்று எனக்கும் தோன்றவில்லை. படித்தது கெமிஸ்ட்ரி வேறு, வெட்கக்கேடு!

விருதுநகரில் ரயிலேறி, சர்ட்டிபிகேட் ஃபைலைச் செல்வி மடியில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். தீபாவளிச் சோதனைக்கு ஏறிய போலீஸ்காரர் கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"தாயில்பட்டி சார்."

"அப்பப் பையத் தொற."

ஊர்ப் பெயரே போதுமாக இருந்தது. பையோடு இறக்கிவிட்டார்கள். "நாளைக்கு இன்டர்வியூ சார், பெட்டிய நீங்களே வச்சுக்கிடுங்க, என்னைய விட்ருங்க" என்று கும்பிட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கும்போதே ரயில் நகர்ந்தது. செல்வி ஜன்னலில் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்பீர்கள். கம்பெனிக் கடிதம், சித்தி வீட்டு விலாசம் எல்லாமே அந்த ஃபைலில்தான். செல்போன் ஏது அப்போது? ஊருக்குத் திரும்பவும் தைரியமில்லை. இரண்டு நாள் பெண்கள் வெயிட்டிங் ரூமிலேயே அழுதுகொண்டு கிடந்தேன்.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பட்டாசப் பாத்துச் சித்தி என்ன சொன்னாக?"

"ரொம்பச் சந்தோசம்மா. இன்டர்வியூலதான் இங்கிலீசுல கேட்டாக, எனக்குப் பேச வரல."

"இம்புட்டுப் படிக்க வச்சும் வாயத் தொறக்கத் தெரியலையேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்னைக் கவிழ்த்தது அவள் ஆசையாக வைத்த பெட்டி என்று எப்படிச் சொல்வேன்? அடுத்த திங்கட்கிழமை வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழி நெடுக அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

செல்விக்கு அந்த வேலை கிடைத்தது. லீவில் வந்தபோது ஃபைலைக் கொடுத்தாள், அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அந்த வேன் இப்போது இல்லை. கம்பெனி மூடிக் கிடக்கிறது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும், "எம் மக நல்லாப் படிப்பா, இங்கிலீசுதான் வராது" என்று எல்லோரிடமும் எனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகளின் ரயில் போன பிறகு அதே பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். "எம்மா, எனக்கு இங்கிலீசு நல்லா வரும்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.